உருவம் 1873, உள்ளீடு இன்றையது: கௌபாய் சுடுபோட்டிகளில் தோட்டாத் தேர்வு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பிறந்த கௌபாய் சுடுபோட்டி, தன்னை விளையாட்டு என்று மட்டும் சொல்லிக்கொள்வதில்லை. பழைய மேற்கின் ஆயுதப் பழக்கத்தை உயிரோடு வைத்திருப்பதாகவும் உரிமை கோருகிறது. 1987இல் அமைந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி வகுத்த விதிகளின்படி, போட்டியாளருக்கு அக்கால உடையும் பதிவுசெய்த புனைபெயரும் வேண்டும். கூடவே இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுட வேண்டியவை), ரிவால்வர் தோட்டாவையே சுடும் ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன். எல்லாமே 19ஆம் நூற்றாண்டு வடிவங்கள், அல்லது அவற்றை ஒட்டிச் செய்தவை. இவ்விதிகள் துப்பாக்கியின் தோற்றத்தைக் கறாராகக் காக்கின்றன. அது சுடும் தன்மையைக் காக்கத் தவறுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போட்டியை ஆள்வது கடிகாரம். அருகில் நிறுத்திய எஃகுத் தகடுகளைச் சுட எடுத்த நேரமே மதிப்பெண். தவறும் ஒவ்வொரு குறிக்கும் 5 நொடி கூடும். எஃகில் பட்டுத் தெறிக்கும் ஆபத்தால் செம்புறை போர்த்திய குண்டுகளுக்கு இடமில்லை, ஈயம் மட்டுமே. வேகத்துக்கு உச்சவரம்பு ரிவால்வரில் நொடிக்கு 1000 அடி, ரைஃபிளில் 1400 அடி. கவனிக்க வேண்டியது கீழ்வரம்பு. கிரெய்ன் கணக்கில் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 60 வந்தால் போதும். வேகம் 400 அடிக்குக் குறையக் கூடாது. 105 கிரெய்ன் குண்டை 650 அடி வேகத்தில் விடும் .38 ஸ்பெஷல் தோட்டா 68ஐத் தொட்டுத் தேறிவிடுகிறது. 250 கிரெய்ன் குண்டை 750 அடியில் விடும் .45 கோல்ட் தோட்டாவுக்கு அதே கணக்கு 187. வெற்றி நொடிகளில் இருக்கும்போது யார் 187ஐத் தேர்வார்?

இந்த வேறுபாட்டைக் கையில்தான் உணர முடியும். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரின் வளைந்த பிடி, முழுவீச்சில் சுட்டதும் உள்ளங்கையில் சற்றே உருண்டு மேலெழும். சுத்தியல் கட்டைவிரலுக்கு அருகே வந்துசேரும். அடுத்த சுடுதலுக்கு அதை இழுப்பது எளிதாகும். பின்னுதைப்பு அங்கே இயக்கத்தின் ஒரு பகுதி. மெல்லிய .38இல் பிடி அசைவதே இல்லை. வேகமாகச் சுடுபவர் இடக்கைக் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்து அடுத்தடுத்துச் சுட்டுவிடுகிறார்.

ரைஃபிளிலும் இதே கதை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 வின்செஸ்டர் 1873ஐவிட வலிமையானது. ஆனாலும் வேகக்காரர்கள் நாடுவது 1873ஐத்தான். அதன் மூட்டிணைப்பு இயக்கம் வழவழப்பானது. தோட்டா மென்மையாகிவிட்டதால் அதன் பலவீனம் பொருட்டாவதில்லை. வெளியே தெரியாத மாற்றங்களுக்கு விதி இடம்கொடுப்பதால் அடுத்த தோட்டாவை ஏற்றக் கையால் அசைக்கும் லீவர் நகரும் தூரத்தையும் குறைத்துவிடுகிறார்கள். ஷாட்கன் விஷயத்தில் விதி நேர்மையாக இருக்கிறது: இரட்டைக்குழல் துப்பாக்கியில் தானியங்கி வெளித்தள்ளி கூடாது, காலிக் கூட்டைக் கையால்தான் உதறவோ உருவவோ வேண்டும்.

அப்படியானால் .45தான் மரபுக்கு உகந்த தேர்வா? பலர் அப்படியே நம்பி ரிவால்வர், ரைஃபிள் இரண்டையும் .45இல் வாங்குகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் நிறுவனம் .45 கோல்ட்டுக்கு லீவர் ரைஃபிள் செய்யவில்லை. அந்த ஜோடி பிற்காலத்தது. ஒரே தோட்டாவை இடுப்பிலும் தோளிலும் பயன்படுத்திய உண்மையான வழக்கம் .44-40க்கு உரியது. 1873 வின்செஸ்டருக்காகப் பிறந்து, சில ஆண்டுகளில் கோல்ட் ரிவால்வருக்கும் வந்த தோட்டா அது. அதன் பித்தளைக் கூட்டின் கழுத்து மெல்லியது. சுடும்போது விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும். கரிமருந்தில் சுட்ட பின்னும் இயந்திரத்துக்குள் கரி அதிகம் படியாது. தடித்த சுவருள்ள .45 கூட்டில் மருந்தைக் குறைத்தால் அழுத்தம் போதாமல் கூடு விரியாது; புகை பின்னோக்கி வழிந்து கூட்டின் பக்கம் முழுதும் கருத்துவிடும். கழுத்து எளிதில் நசுங்கும் என்பதால் .44-40ஐ வீட்டில் மறுநிரப்புவதற்குப் பொறுமை வேண்டும் என்பது மெய்தான்.

முதியவர்களுக்கும் மணிக்கட்டு வலியுள்ளவர்களுக்கும் மென்தோட்டா வேண்டாமா என்ற மறுப்பு நியாயமானது. அதற்குத் தனிப் பிரிவு போதும். எல்லோருக்குமான கீழ்வரம்பை அங்கே வைக்க வேண்டியதில்லை. .40க்குக் குறைந்த குழல்விட்டத்தை ஏற்காத ‘கிளாசிக் கௌபாய்’ பிரிவு ஏற்கெனவே உண்டு. ஆனால் அங்கும் வேக வரம்பு அதே 400 அடிதான்: 200 கிரெய்ன் குண்டு 80லேயே தேறிவிடும். விட்டத்தை வற்புறுத்தி வீச்சை விட்டுவிடும் விதி பாதி விதி.

வெல்வதே நோக்கம் என்றால் .38 வாங்குங்கள், அதில் குற்றமில்லை. வரலாறு நோக்கம் என்றால் .44-40. பிரிவுகளை வகுப்பவர்கள் குறைந்தது ‘கிளாசிக் கௌபாய்’ பிரிவிலாவது எடை-வேகக் கணக்கின் கீழ்வரம்பை 150க்கு உயர்த்த வேண்டும்.