ரத்தச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், ரத்தத்தை வைத்தே நுரையீரல் புற்றுநோயைச் சொல்லிவிடுகிறார்களாமே? அம்மாவுக்கு ஒரு மாதமாக இருமல். எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். குடிகாட்டுக்காரருக்கு இந்தப் பயம் வருவதில் வியப்பில்லை. சிப்காட் பகுதியில் வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம், ஏற்கத்தக்க அளவைவிட 2000 மடங்காவது இருக்கும் என்று நீரி நிறுவனத்தின் ஆய்வு கணக்கிட்டதாக 2008இல் செய்தி வந்தது. அது நோயாளிகளை எண்ணிச் சொன்னதல்ல, காற்றை அளந்து போட்ட கணக்கு. இருந்தாலும் அந்த எண்ணைக் கேட்டவன் மறக்க மாட்டான்.

போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சிராய்த்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான் அழற்சி. 1863இல் ஜெர்மானிய மருத்துவர் விர்கோ, புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்டு, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்றார். நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அழற்சியை ரத்தத்தில் அளக்கும் வழி மெல்லத்தான் வந்தது. 1897இல் போலந்தின் பியர்நாட்ஸ்கி, 1918இல் ஸ்வீடனின் ஃபாரியஸ், 1921இல் வெஸ்டர்கிரென் என்று கை மாறி வந்ததுதான் நாம் அறிந்த இ.எஸ்.ஆர். அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் கூடும். சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் கீழே இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதே கணக்கு.

என் சித்தப்பாவுக்கு அது 90க்கு மேல் இருந்தது. இருமலும் இருந்ததால் டி.பி. என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் நுரையீரலில் கட்டி. ஊரில் எங்கோ தீ என்று இ.எஸ்.ஆர். சொல்லும், எந்த வீட்டில் என்று சொல்லாது.

1930இல் நியூயார்க்கில் டில்லட்டும் ஃபிரான்சிசும் நிமோனியா நோயாளிகளிடம் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கண்டார்கள். 2001இல் ஸ்லோவாக்கியாவின் சாஹோரெட்ஸ் இன்னும் எளிய வழி சொன்னார். சாதாரண ரத்தச் சீட்டில் இருக்கும் நியூட்ரோஃபில் எண்ணை லிம்ஃபோசைட் எண்ணால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 60ம் 30ம் என்றால் விடை 2. 75ம் 15ம் என்றால் 5. ஐந்தாம் வகுப்புக் கணக்கு! அவர் பார்த்தது தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை. பிறகு புற்றுநோய் மருத்துவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டு நுரையீரல் அறுவை செய்துகொண்டவர்களின் பழைய சீட்டுகளைப் பல நாடுகளில் புரட்டிப் பார்த்தார்கள். அறுவைக்கு முன் இந்த விகிதம் உயர்ந்திருந்தவர்களுக்கு, மொத்தத்தில், பின்விளைவு மோசமாக இருந்தது. ஆனால் எதற்கு மேல் போனால் ஆபத்து என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறு எண். சளி, சர்க்கரை, புகைப்பழக்கம், ஏன் ஒரு கொப்புளம்கூட இந்த எண்களை மாற்றிவிடும்.

ஆக, புற்று இருக்கிறது என்று தெரிந்தபின் அது எப்படிப் போகும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. புற்று இருக்கிறதா என்பதற்கு விடை அல்ல. அதற்குப் படம்தான் எடுக்க வேண்டும். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனால் நுரையீரல் புற்றுச் சாவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்ட 53,000க்கும் மேற்பட்டோர் நெடுநாள் புகைபிடித்தவர்கள். பீடியையே தொடாமல், விறகடுப்பில் ஊதி, சிப்காட் காற்றை மூச்சில் வாங்கிய நம் வீட்டு அம்மாக்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அதனால் அந்தத் தம்பியிடம், ரத்தச் சீட்டு "நார்மல்" என்று வந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதே, முதலில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடு என்றேன். செவ்வாய்க்கிழமை அம்மாவை அழைத்துப் போகிறாராம்.