அளவுகோல் வீடு தேடி வந்த கதை

பாரிசு மாநகருக்கு அருகிலுள்ள செவ்ரே என்னும் ஊரில், ஒரு காப்பறையில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து வார்த்த கோல் ஒன்று உண்டு. 1889-ஆம் ஆண்டு முதல் 1960-ஆம் ஆண்டு வரை அதுவே உலகத்தின் மீட்டர். அக்கோலின் மீது கீறிய இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவே ஒரு மீட்டர் என்று சொன்னால் போதாது. பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் கோல் இருக்கும்போது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அக்கோல் ஏறக்குறைய 9 மைக்ரான் நீண்டுவிடும். சூழ்நிலையைக் குறிப்பிடாத அளவு அளவே ஆகாது என்பது இயற்பியல் மாணவர் கற்கும் முதற்பாடம்.

கோலுக்குச் சொன்ன இந்த விதி மனிதரின் அறிவை அளக்கும் தேர்வுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதை அமெரிக்காவின் சட்டக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. எல்சாட் என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் இத்தேர்வு 2020-ஆம் ஆண்டில் தேர்வுக் கூடத்தை விட்டு வெளியேறி, எழுதுவோரின் வீட்டு மேசைக்கே வந்தது. அதனால், அதற்கு ஆயத்தம் செய்வதன் பொருளே மாறிப்போயிற்று. அக்கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

தேர்வு பிறந்தது

அமெரிக்காவில் சட்டப் படிப்பு என்பது வேறொரு பட்டம் பெற்ற பிறகு தொடங்கும் மேற்படிப்பாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போரிலிருந்து மீண்ட வீரர்கள் அரசின் கல்வி உதவியுடன் கல்லூரிகளை நாடினர். சட்டக் கல்லூரிகளின் வாயிலில் விண்ணப்பங்கள் குவிந்தன. நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் வெவ்வேறு பாடங்கள் பயின்று வந்தவர்களை எந்தக் கோலால் அளப்பது?

கொலம்பியா சட்டக் கல்லூரியின் சேர்க்கைப் பொறுப்பாளராயிருந்த பிராங்க் பவுல்ஸ், 1945-இல், கல்லூரி நுழைவுத் தேர்வுகளை நடத்திவந்த வாரியத்துக்குக் கடிதம் எழுதி, சட்டப் படிப்புக்கெனத் தனித் தேர்வு ஒன்று வேண்டும் என்றார். 1947-இல் கொலம்பியா, ஹார்வர்டு, யேல் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடிப் பேசினர். 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் முதல் தேர்வு நடந்தது. சட்டக் கல்லூரியின் முதலாண்டில் ஒருவர் எப்படிப் படிப்பார் என்பதை முன்கூட்டி மதிப்பிடுவதே அதன் நோக்கம். ஆகவே சட்ட அறிவை அது சோதிப்பதில்லை. படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனையும், வாதத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கும் திறனையும் சோதிக்கிறது.

எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். "மழை பெய்யும் நாளெல்லாம் எங்கள் தெருவில் மின்சாரம் தடைப்படும். நேற்று மின்சாரம் தடைப்பட்டது. ஆகவே நேற்று மழை பெய்திருக்க வேண்டும்." இவ்வாதம் சரியா? சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மின்தடைக்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா? புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரலாம்; நெருப்பைக் கண்டு புகையை உய்த்துணர முடியாது; பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை என்று நம் நாட்டுத் தருக்க நூலார் சொன்னதும் இதையே. இத்தகைய வினாக்கள் ஏறக்குறைய 25-ஐ 35 நிமிடங்களில் முடிக்க வேண்டும். கணக்கிட்டால் ஒரு வினாவுக்கு 84 நொடி!

பயிற்சி பயன் தருமா?

இயல்பான திறனை அளக்கும் தேர்வுக்குப் பயிற்சி எடுத்து ஆவதென்ன என்ற கருத்து, நுழைவுத் தேர்வுகளை வடித்தவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. ஆனால், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1938-இல் தம் பெற்றோரின் வீட்டு நிலவறையில் பாடம் சொல்லத் தொடங்கிய ஸ்டான்லி கப்லான் போன்றோர் இதை ஏற்கவில்லை. பழகப் பழக வேகமும் நிதானமும் கூடும் என்றனர். பிற்காலத்தில் தேர்வுப் பயிற்சி என்பது அந்நாட்டில் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

பணம் உள்ளவர் பயிற்சி பெறுவார். இல்லாதவர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு ஒரு விடை 1979-இல் கிடைத்தது. சேர்க்கைத் தேர்வை எழுதியவர்கள் அதன் வினாக்களையும் சரியான விடைகளையும் கேட்டுப் பெறலாம் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. பழைய வினாத்தாள்கள் வெளிவந்தன. நூறு பக்கக் குறிப்பைவிடப் பழைய வினாத்தாள் ஒன்று பயனுடையது என்பதை, தேர்வுக்கு அமர்ந்த எவரும் அறிவர்.

கோலைத் திருத்தும் கலை

இத்தேர்வு ஆண்டுக்குப் பலமுறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் வினாக்கள் வேறு. ஜூனில் எழுதியவருக்குக் கடினமான தாளும் செப்டம்பரில் எழுதியவருக்கு எளிய தாளும் வாய்த்தால் நியாயமாகுமா? இதைச் சமன் செய்யவே, சரியான விடைகளின் எண்ணிக்கையை அப்படியே மதிப்பெண்ணாகத் தராமல், தாளின் கடினத்துக்கேற்பத் திருத்தித் தருகிறார்கள். தொடக்கத்தில் 200 முதல் 800 வரை இருந்த அளவீடு, 1982-இல் 10 முதல் 48 வரை என்றாகி, 1991-இல் 120 முதல் 180 வரை என்று மாறியது. ஒரு தாளில் பெற்ற 160-ம் மற்றொரு தாளில் பெற்ற 160-ம் ஒரே திறனைக் குறிக்க வேண்டும் என்பதே குறிக்கோள்.

புதிய வினாவின் கடினத்தை எப்படி அறிவது? அதற்காக மதிப்பெண் கணக்கில் சேராத பகுதி ஒன்றைத் தாளுக்குள் கலந்து வைக்கிறார்கள். எது அந்தப் பகுதி என்பது எழுதுபவருக்குத் தெரியாது. அவர் அதையும் முழு முயற்சியுடன் எழுதுகிறார். அந்த விடைகளிலிருந்து, நாளைய வினாக்களின் எடை கணிக்கப்படுகிறது. இன்றைய கோலைக் கொண்டே நாளைய கோலைத் திருத்திக்கொள்கிறார்கள் என்று சொல்லலாம்.

இவ்வளவு நுட்பமும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. எல்லோரும் ஒரே மாதிரியான சூழ்நிலையில் எழுத வேண்டும். அமைதியான கூடம், ஒரே கடிகாரம், எதிரே ஒரு கண்காணிப்பாளர்! செவ்ரேயின் கோலுக்குப் பனிக்கட்டி எப்படியோ, தேர்வுக்குக் கூடம் அப்படி.

கூடம் மூடப்பட்டது

2019 ஜூலையில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாளிலும் மறுபாதியினர் கையடக்கத் திரைக் கணினியிலும் எழுதினர். அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து வட அமெரிக்காவில் தேர்வு முழுவதும் திரைக்கு மாறியது. கருவி மாறினாலும் கூடம் மாறவில்லை.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியது. மார்ச், ஏப்ரல் மாதத் தேர்வுகள் கைவிடப்பட்டன. தேர்வில்லாமல் சேர்க்கை இல்லை. கூட்டம் கூடாமல் தேர்வில்லை. இந்நிலையில், வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஏப்ரலில் அறிவித்து, மே மாதத்திலேயே அதை நடத்தியும் காட்டியது சட்டக் கல்லூரிச் சேர்க்கை மன்றம். 35 நிமிடப் பகுதிகள் ஐந்து இருந்த தேர்வு மூன்றாகச் சுருங்கியது. மதிப்பெண் கணக்கில் சேராத பகுதியும் விடப்பட்டது. வருங்கால வினாக்களை எடைபோட அப்பகுதி வேண்டுமாதலால், 2021 ஆகஸ்டில் அது திரும்பி வந்து, பகுதிகள் நான்காயின.

நம் நாட்டிலும் இதே மன்றத்தின் சார்பில் 2009 முதல் நடந்துவந்த இந்திய எல்சாட் தேர்வு, 2020-இல் மாணவர்களின் வீடுகளிலிருந்தே எழுதப்பட்டது.

ஆயத்தம் என்றால் என்ன?

இப்போது, தனி அறையில் கணினி முன் அமர்ந்திருக்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். முதலில் அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பின்னர்க் கேமராவைச் சுழற்றி, அறையின் சுவர்களையும் மேசையையும் எங்கோ அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளருக்குக் காட்ட வேண்டும். எழுதிப் பார்க்க வெற்றுத் தாள்கள் ஐந்து மட்டுமே. அவற்றின் இரு பக்கங்களையும் காட்ட வேண்டும். தேர்வு முடியும்வரை அறைக்குள் வேறெவரும் நுழையக் கூடாது.

முன்பெல்லாம் மாணவர் மனத்தை மட்டும் ஆயத்தம் செய்தார். அறையையும் வெளிச்சத்தையும் கடிகாரத்தையும் தேர்வு நடத்துவோர் பார்த்துக்கொண்டனர். இப்போது அந்தப் பொறுப்பு மாணவர் தலையில் ஏறியது. விளக்கு முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் கேமராவில் முகம் கருநிழலாகத் தெரியும். இணைய இணைப்பு அறுபடாதிருக்க வேண்டும். கணினி முன்னதாகவே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டார் ஓசையடக்க வேண்டும்.

வினாக்களுக்கு ஆயத்தம் செய்யும் முறையும் மாறியது. தாளில் கோடிட்டுப் படித்துப் பழகியவர் திரையில் படித்துப் பழக வேண்டியிருந்தது. தேர்வு நாளில் காணப்போகும் அதே திரை அமைப்பில் பயிற்சித் தாள்களை மன்றம் இணையத்தில் வழங்கியது. நாள்தோறும் அதே மேசை, அதே நேரம், 35 நிமிடம் என்று பழகுவது வழக்கமாயிற்று. இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. அளக்கும் நிலையிலேயே கருவியைத் திருத்தி வைப்பது ஆய்வுக் கூட ஒழுங்கு அல்லவா?

சமநிலை எங்கே?

தனி அறை உடையவருக்கு இந்த ஏற்பாடு வசதியே. நெடுந்தொலைவு பயணம் இல்லை. அறிமுகமில்லாத கூடத்தில் நடுக்கம் இல்லை. ஆனால் ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டு மாணவர் என்ன செய்வார்? கணினி இல்லாதவர்களுக்குக் கருவியை இரவல் தர மன்றம் முன்வந்தது. கணினியை இரவல் தரலாம். அமைதியான வீட்டை யார் இரவல் தருவது?

இதை வீட்டுத் தேர்வின் குறை என்று மட்டும் கருதினால் தவறாகும். பழைய கூடமும் எல்லோருக்கும் சமமாக இருந்ததில்லை. 1982 முதல் இத்தேர்வில் "ஐவர் ஒரு வரிசையில் அமர்கின்றனர், இன்னார் இன்னாருக்கு அருகில் இல்லை" என்பது போன்ற புதிர்கள் இடம்பெற்றன. படம் வரைந்து பார்த்தால் விடை எளிதில் கிட்டும். படம் வரைய இயலாத பார்வையற்றோருக்கோ அது பெருந்தடை. அவர்கள் தொடுத்த வழக்கு 2019-இல் உடன்பாட்டில் முடிந்தது. 2024 ஆகஸ்டில் அப்புதிர்கள் நீக்கப்பட்டன. கூடம் ஒன்றாயிருந்தும், கோல் எல்லோருக்கும் ஒன்றாயிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின.

2023 ஆகஸ்டு முதல், வீடா மையமா என்பதைத் தேர்வு எழுதுவோரே முடிவு செய்யலாம் என்றானது. ஆனால் இன்னொரு தொல்லை வளர்ந்தது. வினாக்களைக் களவாடி விற்கும் கூட்டங்கள் தலைதூக்கின. வினா முன்னரே சிலருக்குத் தெரிந்துவிட்டால், அதன் கடினம் பற்றிய பழைய கணிப்புப் பொய்யாகிவிடும், கோலே வளைந்துவிடும். சீனப் பெருநிலப் பகுதியில் 2025 அக்டோபருக்குப் பின் இணையவழித் தேர்வை நிறுத்துவதாக மன்றம் அறிவித்தது. 2026 ஆகஸ்டுத் தேர்விலிருந்து பெரும்பாலோர் மையத்துக்கே வந்து எழுத வேண்டும் என்றும், மருத்துவக் காரணமோ கடும் இடரோ உள்ளவர்களுக்கே வீட்டுத் தேர்வு என்றும் முடிவு செய்தது.

செவ்ரேயின் கோல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1960-இல் அது ஓய்வு பெற்றது. 1983-இல், வெற்றிடத்தில் ஒளி 299,792,458-இல் ஒரு பங்கு நொடியில் செல்லும் தொலைவே மீட்டர் என்று வகுத்தார்கள். அன்று முதல் மீட்டருக்குக் காப்பறை தேவையில்லை. தக்க கருவி இருந்தால் எவரும் தம் ஆய்வுக் கூடத்திலேயே அதை உண்டாக்கிக்கொள்ளலாம். ஒளி எங்கும் ஒரே வேகத்தில் செல்வதால்தான் இது கைகூடியது. வீடுகள் அப்படி ஒன்றுபோல் இல்லை. அதனாலேயே தேர்வுக் கோல் வீட்டுக்கு வந்து சில ஆண்டுகளில் மீண்டும் கூடத்துக்குத் திரும்புகிறது.

வாசகர்களே, உங்களில் ஒருவரோ உங்கள் தம்பி தங்கையரோ இணையவழித் தேர்வு எழுதும் நாள் வரலாம். பழைய வினாத்தாளை நேரம் குறித்து எழுதிப் பழகுங்கள். வாதத்தின் ஓட்டையைத் தேடிப் பழகுங்கள். அந்தப் பயிற்சி எந்த அறையிலும் உங்களுடன் வரும். மேசையையும் விளக்கையும் இணைப்பையும் முன்னதாகவே சரிபாருங்கள். உங்களுக்கு அமைதியான அறை இருந்து, அடுத்த வீட்டு மாணவருக்கு இல்லையென்றால், அன்று ஒருநாள் அவருக்கு உங்கள் அறைக் கதவைத் திறந்து விடுங்கள்.