பழங்கணிப்பொறிகளின் மறுவாழ்வு

பழமையைப் போற்றுதல் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நினைவிற்கு வருகின்றன. கணிப்பொறியோ புதுமையின் சின்னமாகவே கருதப்படுகிறது. ஆயினும் எப்பொருள் மிக விரைவில் பழையதாகிறதோ அப்பொருளே மிக விரைவில் அழிகிறது. கோயில் ஆயிரம் ஆண்டு நிற்கும். கணிப்பொறி பத்தாண்டில் பயனிழந்து பழைய இரும்போடு இரும்பாகிவிடும். 1940களிலும் 1950களிலும் தோன்றிய முதல் தலைமுறைக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை இவ்வாறே மறைந்தன. அவற்றை ஆக்கியோர் உயிரோடிருக்கும்போதே அவற்றின் சுவடு அழிந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் வியப்புக்குரியது.

இவ்விழப்பைத் தடுக்கும் முயற்சி இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டில் அமைப்பு வடிவம் பெற்றது. பிரித்தானியக் கணிப்பொறிக் கழகமும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகமும் இணைந்து கணிப்பொறிப் பாதுகாப்புச் சங்கத்தை அவ்வாண்டில் நிறுவின. பழைய பொறியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டுவதோடு அச்சங்கம் அமைதி கொள்ளவில்லை. அதனை மீண்டும் இயக்க வேண்டும் என்று விரும்பியது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். சுவடியை விரித்தால் படிக்கலாம். கணிப்பொறியை இயக்கினாலன்றிப் படிக்க இயலாது. இயக்கினாலோ அது தேய்கிறது. தேய்ந்த உறுப்பை மாற்றினாலோ அது முன்னிருந்த பொருளாக எஞ்சுவதில்லை. இம்மூன்றுக்கும் இடையே வழி காண்பதே மீட்டமைப்போரின் தொழில்.

இதற்குத் தக்க சான்று ஹார்வெல் டெக்கட்ரான் என்னும் பொறி. இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்தில், ஆய்வாளர்க்கு வேண்டிய நெடுங்கணக்குகளையெல்லாம் இளைஞர் சிலர் கைக்கணக்குப் பொறிகளைக் கொண்டு நாள் முழுதும் போட்டு வந்தனர். சலிப்பு மிகுந்த வேலை. சலிப்பு மிகுந்த இடத்தில் பிழையும் மிகும். அப்பணியை மனிதரிடமிருந்து வாங்கிப் பொறியிடம் ஒப்படைக்க எண்ணி டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் ஆகியோர் 1949இல் வடிவமைக்கத் தொடங்கிய கணிப்பொறி 1951 ஏப்ரலில் முதன்முதலாக இயங்கிற்று.

அதன் நினைவகம் கண்ணால் காணத்தக்கது. டெக்கட்ரான் என்பது வாயு நிரம்பிய சிறு கண்ணாடிக் குழல். அதன் தலைப்பகுதியில் சுழியம் முதல் ஒன்பது வரையிலான எண்களுக்குரிய பத்து இடங்கள் வட்டமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு மின்துடிப்பிற்கும் செம்மஞ்சள் ஒளிப்புள்ளி ஒன்று ஓரிடம் நகரும். அது நிற்கும் இடமே அக்குழல் நினைவில் வைத்திருக்கும் எண். இத்தகைய குழல்கள் 828, ரிலேக்கள் 480, மொத்த எடை இரண்டரை டன் என்பது அப்பொறியின் அளவு. கட்டளைகளையும் எண்களையும் துளையிட்ட தாள்நாடா வழியாக அது பெற்றுக்கொண்டது.

விரைவில் அது எவரையும் மயக்கவில்லை. ஒரு பெருக்கலுக்கு ஐந்து முதல் பத்து வினாடி வரை எடுத்துக்கொண்டது. கைக்கணக்குப் பொறியில் வல்லவர் ஒருவர் அதனோடு போட்டியிட்டு அரைமணி நேரம் சமமாக ஈடுகொடுத்தார் என்றும், பின்னர் களைத்து விலகினார் என்றும், பொறியோ அதே நடையில் தொடர்ந்தது என்றும் ஹார்வெல் நிலையத்தார் பதிவு செய்துள்ளனர். ஒரு கிறித்துமசு புத்தாண்டு விடுமுறையில் ஆளே இல்லாத கட்டடத்தில் அது பத்து நாட்கள் தனியே கணக்கிட்டுக் கொண்டிருந்ததாம். விரைவையே புகழ்ந்து பழகிய கணிப்பொறி வரலாறு இந்த நிதானத்திற்கு உரிய இடத்தைத் தரவில்லை.

1957இல் ஹார்வெல்லுக்கு அது தேவையற்றதாயிற்று. அவ்வாறான நிலையில் உடைத்தெறிவதே வழக்கம். மாறாக ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. அப்பொறியை எவ்வாறு பயன்படுத்துவோம் என்பதை மிகச் சிறப்பாக எடுத்துரைக்கும் கல்லூரிக்கு அது பரிசு. உல்வர்காம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி வென்றது. புதிய பெயரும் சூட்டப்பெற்றது. கற்பிக்கும் கருவி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘விட்ச்’, அதாவது சூனியக்காரி, என்றாயின. 1973 வரை மாணவர்கள் அதில் பயின்றனர். பின்னர் பர்மிங்காம் அறிவியல் தொழிலக அருங்காட்சியகத்தில் அது பார்வைக்கு வைக்கப்பட்டது. 1997இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டதும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுச் சேமிப்புக் கிடங்கை அடைந்தது. ஆய்வுக்கூடத்திலும் வகுப்பறையிலும் உடையாத பொறி, அருங்காட்சியகத்தின் முடிவால் துண்டுகளானது ஒரு நகைமுரண்.

2008இல் அக்கிடங்கின் நிழற்படம் ஒன்றைக் கண்ட கெவின் மரல் என்னும் கணிப்பொறி வரலாற்று ஆர்வலர் அதில் ஒரு மூலையில் தெரிந்த கட்டுப்பாட்டுப் பலகையை அடையாளம் கண்டுகொண்டார். பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்திற்குப் பொறி கொண்டுவரப்பட்டது. 2009 முதல் மூன்றாண்டுகள் தன்னார்வலர் குழு ஒன்று டெல்வின் ஹோல்ராய்டின் தலைமையில் உழைத்தது. புதிய உறுப்புகளைப் பொருத்திவிட்டால் வேலை எளிதில் முடிந்திருக்கும். அக்குழு பழைய உறுப்புகளையே இயன்றவரை பேணுவது என்று உறுதி கொண்டது. ரிலேயின் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்தால் மின்னோட்டம் தடைப்படும். ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். நெடுங்காலம் உறங்கிய டெக்கட்ரான் குழலில் ஒளிப்புள்ளி நகர மறுக்கும். அதற்கு மருந்து, அதனைச் சோர்வின்றி இயக்கிக்கொண்டே இருப்பதுதான். 2012 நவம்பர் 20ஆம் நாள், முதலில் வடிவமைத்தவர்களுள் இருவர் கண் முன்னே, அப்பொறி மீண்டும் எண்ணத் தொடங்கியது. மூல உறுப்புகளோடு இயங்கும் எண்முறைக் கணிப்பொறிகளுள் உலகிலேயே பழமையானது என்னும் பெருமை அதற்கு உரியதாயிற்று.

எனினும் ‘மூலம்’ என்பது இங்கு எது? தொடக்கத்தில் எட்டிலக்க எண்கள் இருபதைச் சேமித்த அதன் நினைவகம் பின்னர் நாற்பதாக விரிவாக்கப்பட்டது. பயன்பாட்டில் இருந்த பொறி வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏடு பெயர்த்து எழுதியோர் இடையிடையே சேர்த்த அடிகளை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்று பதிப்பாசிரியர் திகைப்பது போன்ற நிலை இது. பிறந்த நாளின் வடிவத்தைத் தேடி, வாழ்ந்த நாளின் மாற்றங்களைக் களைவது வரலாற்றைத் திருத்துவதாகவே முடியும்.

அதே வளாகத்தில் இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்றும் நடைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் மறைகுறிகளை உடைக்க டாமி பிளவர்ஸ் என்னும் அஞ்சல் துறைப் பொறியாளர் உருவாக்கிய கொலோசஸ் 1944இன் தொடக்கத்தில் பணி தொடங்கியது. போர் முடிந்தபோது பத்துப் பொறிகள் இயங்கிக்கொண்டிருந்தன. பின்னர் அவற்றுள் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டன. வரைபடங்களை அழிக்குமாறு 1960இல் ஆணை வந்தது. பிளவர்ஸ் தம் கையாலேயே அவற்றைக் கொதிகலன் அடுப்பில் இட்டார். போர்க்கால இரகசியம் தன் ஆக்கியோனையே அழிப்பவனாக்கியது.

எனவே 1993இல் டோனி சேல் அதனை மீண்டும் ஆக்கப் புகுந்தபோது அவர்முன் இருந்தவை 1945இல் எடுத்த சில நிழற்படங்களும், பொறியாளர் சிலர் விதியை மீறித் தம்மிடம் வைத்திருந்த மின்சுற்று வரைபடத் துணுக்குகளுமே. விதியை மீறியவர்களுக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது என்று சொல்வது ஆசிரியர் ஒருவர்க்கு அழகன்று. ஆயினும் உண்மை அதுவே. தாள்நாடாவை ஒளிகொண்டு படிக்கும் பகுதியை முதலில் வடிவமைத்த அர்னால்டு லிஞ்சைத் தேடிச் சென்று, அவருடன் சேர்ந்தே சேல் அப்பகுதியை மறுபடியும் வகுத்தார். பழைய தொலைபேசி நிலையங்கள் கைவிடப்பட்டுக்கொண்டிருந்த காலம் ஆதலின் வேண்டிய ரிலேக்களும் பிற உறுப்புகளும் கிடைத்தன. சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் உறுப்புகளும் இரா, நினைவுகூர முதியோரும் இரார். 1996 ஜூன் 6ஆம் நாள் புதிய கொலோசஸ் இயக்கிவைக்கப்பட்டபோது பிளவர்ஸ் அங்கிருந்தார். 1998இல் அவர் மறைந்தார். இப்பொறியின் உறுப்புகள் பழையவையாயினும் பொறி புதியது. அதனை மீட்பு என்பதைவிட மறுபடைப்பு எனல் பொருந்தும். ஹார்வெல் பொறியில் பொருள் தப்பியது. கொலோசஸில் தப்பியது அறிவு.

இல்லக் கணிப்பொறிகளும் விளையாட்டுப் பொறிகளும் இவ்வளவு மதிப்போடு நடத்தப்படவில்லை. 1982இல் வெளிவந்த கமடோர் 64, அதே ஆண்டின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்றவை இலட்சக்கணக்கில் விற்றமையால் எவரும் அவற்றை அரியவை என்று கருதவில்லை. அவற்றின் பகை உள்ளேயே இருக்கிறது. சில அமிகா கணிப்பொறிகளில் கடிகாரத்திற்கு வைத்த மின்கலம் கசிந்து தாய்ப்பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது. மின்தேக்கிகளும் கசிகின்றன. சாம்பல் நிற உறைகள் மஞ்சளாகின்றன. ஐதரசன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் கொண்டு அம்மஞ்சளைப் போக்கும் முறை 2008 அளவில் ஆர்வலரிடையே பரவியது. வெளுத்த உறை அழகாக இருக்கிறது. முதுமையின் அடையாளத்தைத் துடைப்பது தேவைதானா என்பதில் அவர்களுக்குள் இன்றளவும் ஒருமை இல்லை.

மாற்றியமைப்போரின் நியாயம் வேறு. நெகிழ்தட்டு இயக்கியை அகற்றிவிட்டுச் சிறு நினைவக அட்டையைப் பொருத்துவர். பழைய தொலைக்காட்சிக்கென அமைந்த இணைப்பை வெட்டிப் புதிய திரைக்கு ஏற்றவாறு மாற்றுவர். பயன்படாமல் கிடப்பதைவிட மாறியேனும் பயன்படட்டும் என்பது அவர்கள் வாதம். அதனைப் புறந்தள்ள இயலாது. ஆனால் வெட்டிய தடம் ஒட்டாது. திரும்ப அகற்றத்தக்க மாற்றம் ஒன்று, அகற்ற முடியாத மாற்றம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது.

இந்நுட்பம் புலப்படும் சிறிய இடம் ஒன்றுண்டு. 1980களின் பிற்பகுதியில் நின்டெண்டோ விளையாட்டுப் பேழைகள் சிலவற்றுள் காசளவு மின்கலம் ஒன்று வைக்கப்பட்டது. விளையாடுபவர் எட்டிய நிலையும் அவர் இட்ட பெயரும் அம்மின்கலத்தின் ஆற்றலால்தான் நினைவகத்தில் நிற்கின்றன. மின்கலம் தீர்ந்துவிடும் என்று அஞ்சிப் புதியதை மாற்றப் புகுவோர் பழையதைக் கழற்றிய கணமே, முப்பது ஆண்டுக்கு முன் ஒரு சிறுவன் இட்ட பெயர் அழிந்துபோகும். ஆகையால் பொறுமையுள்ள மீட்டமைப்போர் முதலில் அந்நினைவகத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்வர். அதன் பின்னரே பற்றவைப்புக் கோலைக் கையிலெடுப்பர்.