கரையில் நின்றவர்கள்

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த புதிதில், 'மெத்ரோ கிரெவில் இருக்கிறது' என்றொரு வாக்கியம் வந்தது. அகராதியைப் புரட்டினேன். 'கிரெவ்' என்பதற்கு மணலும் சரளைக்கல்லும் பரவிய நீர்க்கரை என்று பொருள் போட்டிருந்தது. "ரயிலுக்குக் கரையில என்னடா வேலை?" என்று பக்கத்திலிருந்த நண்பனிடம் கேட்டேன். அவன் அடுத்த வரியைக் காட்டினான்: வேலைநிறுத்தம்.

இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே பாரிஸ் நகரமன்றத்தின் முன்னால் ஒரு சதுக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது செய்ன் நதிக்குள் சரிந்து இறங்கும் கரை. விறகு, கோதுமை, வைன் ஏற்றிவந்த படகுகள் அங்கேதான் ஒதுங்கின. அதனால் அதன் பெயரே 'கிரெவ் சதுக்கம்'. சரக்கு இறக்க ஆள் வேண்டும். வேலையில்லாதவர்கள் விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். பின்னாளில் கொத்தனார்களும் நின்றார்கள். 1830இல் க்ரூஸ் பகுதியிலிருந்து அப்பாவோடு நடந்தே பாரிஸ் வந்த கொத்தனார் மார்த்தான் நதோ, பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானவர், தன் நினைவுக்குறிப்புகளில் இந்தச் சதுக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 'கிரெவில் இருப்பது' என்றால் அன்றைக்கு வேலை தேடி நிற்பது, அவ்வளவுதான்.

மரண தண்டனைகளை நிறைவேற்றியதும் அதே இடத்தில்தான். 1310இல் மார்கெரித் பொரெத் என்ற ஞானியை அங்கே எரித்தார்கள். 1792 ஏப்ரல் 25 அன்று கில்லட்டின் முதன்முதலாக ஒரு தலையை வெட்டியதும் அங்கேதான். கூலிக்காக நின்றவர்கள் அதிகாரத்தின் கண்ணெதிரேயே நின்றார்கள்.

தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கூலி கேட்பதை 1791இல் லெ ஷப்பலியே சட்டம் தடை செய்தது. புரட்சி நடந்து இரண்டே வருடம்! ஒவ்வொருவனும் தனியாகத்தான் பேரம் பேச வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் தினமும் நிற்பவர்கள் எத்தனை நாள் தனியாளாக இருப்பார்கள்? 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அந்தச் சொல் புரண்டுவிட்டது. வேலை கேட்டு நின்ற இடத்தின் பெயர், இந்தக் கூலிக்கு வேலை செய்யமாட்டோம் என்று கைகட்டி நிற்பதற்கும் பெயரானது. அப்போதும் அது குற்றம்தான். குற்றப்பட்டியலிலிருந்து அதை நீக்கிய சட்டம் 1864இல்தான் வந்தது. 1946 அரசியலமைப்பின் முகவுரை அதை உரிமை என்றது.

சட்டத்துக்கு முன்னால் சொல் மாறியிருக்கிறது. அதை மாற்றியது எந்த அறிஞரும் இல்லை, குளிரில் காத்து நின்றவர்கள். சதுக்கத்துக்கு நகரமன்றத்தின் பெயரை வைத்தார்கள். பழைய பெயரோ தொழிலாளர்களின் வாயில் தங்கிவிட்டது.