உந்தி முதல் குரல்வளை வரை: பாடுவோர் தம் உடலைக் கவனித்த வரலாறு

  சென்னைத் திருவொற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மன் மீது தியாகராஜர் (1767–1847) பாடிய ஐந்து கிருதிகளே திருவொற்றியூர் பஞ்சரத்தினம். 

அதே தியாகராஜர், ஜகன்மோகினி ராகத்தில் அமைந்த ‘சோபில்லு சப்தஸ்வர’ கிருதியில், ஏழு சுரங்களும் உந்தி, நெஞ்சு, கண்டம், நா, மூக்கு ஆகிய இடங்களில் ஒளிர்வதாகச் சொல்கிறார். இந்தப் பார்வை அவருக்கு மிக முந்தியது. உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்தில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்தது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் மந்தர (கீழ்) ஸ்தாயியை நெஞ்சிலும் மத்திய (நடு) ஸ்தாயியைக் கண்டத்திலும் தார (மேல்) ஸ்தாயியைத் தலையிலும் வைத்தது.

உடற்கூறுப்படி ஒலி பிறப்பது குரல்வளையில்தான். ஆனால் கீழ் ஸ்தாயியில் நெஞ்சும் மேல் ஸ்தாயியில் தலையும் அதிர்வதைப் பாடுகிறவர்கள் உணர்கிறார்கள். முன்னோர் வரைந்தது அந்த உணர்வின் வரைபடம்.

கண்ணால் பார்ப்பது பிறகு வந்தது. 1854இல் பாட்டு வாத்தியார் மானுவல் கார்சியா, பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலொளியில் தம் குரல்நாண்களையே பார்த்தார். மறுவருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிக்கையாக வைத்தார்.

கார்சியா உள்ளே பார்த்தார் என்றால், டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955) வெளியே பார்த்தார். மேடையில் கவிதை சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிப்போகும். ஓய்வெடுத்தால் தேறும், மேடையேறினால் திரும்பவும் கம்மும். நிலைக்கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தபோது மூன்று பழக்கங்கள் பிடிபட்டன: தலையைப் பின்னுக்கு இழுப்பது, குரல்வளையை அழுத்துவது, வாயால் காற்றைச் சத்தத்தோடு உறிஞ்சுவது. இன்னொன்றும் தெரிந்தது. தலை நேராக இருப்பதாக அவர் உணர்ந்த நேரத்திலும் கண்ணாடியில் அது பின்னுக்கே போயிருந்தது. உணர்வை மட்டும் நம்ப முடியாது என்பதுதான் அவர் பின்னர் வகுத்த முறையின் அடிப்படை. 1904இல் லண்டன் சென்று அந்த முறையைக் கற்பித்தார். 1932இல் ‘தி யூஸ் ஆஃப் தி செல்ஃப்’ நூலில் இந்த அனுபவத்தை எழுதினார்.

தமிழ்நாட்டில் ஒலிபெருக்கி பரவும்வரை கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உயர்ந்த சுருதியில் பாடினார்கள், எஸ். ஜி. கிட்டப்பாவின் நாடகமேடைக் குரல் அந்தக் காலத்தின் அடையாளம். மைக் வந்தபின் சுருதி இறங்கியது. விடியற்கால மந்தர சாதகமும், ‘ஆ’ என்று நீட்டிப் பாடும் அகார சாதகமும் குரலைப் பதப்படுத்தின. ஆனால் அலெக்சாண்டரைப் போல, கழுத்தும் தாடையும் என்ன செய்கின்றன என்று பார்ப்பது அந்தந்தக் குருவின் கண்ணைப் பொறுத்தே அமைந்தது.

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் குரல்நாண்கள் மத்திய சட்ஜத்தில் நொடிக்குச் சுமார் 130 முறை, மேல் சட்ஜத்தில் 260 முறை அதிர்கின்றன. இந்த இரட்டிப்புக்காக, சம்மணமிட்டுப் பாடுபவர் மேல் சட்ஜத்துக்குப் போகையில் மோவாய் தூக்குகிறதா, தோள் ஏறுகிறதா, மூச்சு இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிகிறதா என்று ஒரு கண்ணாடியும் விலாவில் வைத்த கையும் காட்டிக்கொடுக்கும்.

இப்படி உடலைக் கவனிப்பது மருந்தல்ல, குரல்நாணில் விழுந்த முடிச்சைக் கவனிப்பு மட்டும் கரைக்காது. சபா மேடைக்காரரோ, காசிமேட்டில் விடிய விடியப் பாடும் கானாக்காரரோ, தொண்டைக் கட்டு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.