ஒற்றை ஆளுக்கு ஒரு பாய்

சிறிய பாய்ப்படகுக்குப் புதுப் பாயும் கயிறும் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ‘ஜெஸ்டர்’ என்ற ஆங்கிலேயப் படகின் வரலாறோ, தூக்கம் கெட்ட ஓர் ஆள் நள்ளிரவுச் சூறையில் மேல்தளத்தில் ஏறாமல் பாயைக் குறைக்க முடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்கிறது. படகின் சொந்தக்காரர் பிளாண்டி ஹாஸ்லர், 1942 டிசம்பரில் துடுப்புப் படகுகளில் போர்தோ துறைமுகத்துக்குள் புகுந்து எதிரிக் கப்பல்களைச் சேதப்படுத்திய சிறு படைக்குத் தலைமை தாங்கியவர். சோம்பேறியல்ல, ஆனால் வீண் உழைப்பை வெறுத்தவர். 1953இல் உருவான ஜெஸ்டர் 25 அடி நீளம். அடிப்பகுதி ஸ்காண்டிநேவியாவின் ‘ஃபோக்போட்’ வகை. அவ்வகைப் படகில் வழக்கமாக இருப்பவை முக்கோணப் பாய்களும், நாற்புறமும் கம்பி இழுத்துக் கட்டிய பாய்மரமும். ஹாஸ்லர் இவை இரண்டையும் விட்டார். முதலில் முயன்ற வேறோர் அமைப்பு பிடிக்காமல் போகவே, சீன நாவாய்களின் பாய்க்கு மாறினார்.

அந்தப் பாயின் குறுக்கே வரிசையாகச் சட்டங்கள் ஓடும். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தினால் போதும். சட்டத்துக்குச் சட்டம் விசிறி மடிவதுபோல் பாய் தானே இறங்கி அடங்கும். பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறும் சட்டங்களின் ஓரங்களில் கிளை பிரிந்து நிற்பதால், இழுவை ஒரே மூலையில் விழாமல் பாய் முழுதும் பரவுகிறது. கம்பிகளின் தாங்கல் இல்லாமலே மரம் நிமிர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாக் கயிறுகளும் படகின் நடுவிலிருந்த வட்டத் திறப்புக்கு வந்து சேர்ந்தன. அதில் இடுப்பளவு நின்றபடி ஹாஸ்லர் வேலையை முடித்துவிடுவார்.

1960இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த முதல் ஒற்றையாள் பந்தயத்தில் ஐந்தே படகுகள். பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் முதலில் வந்தார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. எட்டு நாள் பின்தங்கியதைப் பாயின் தோல்வி என்று சொல்லலாம்தான். ஆனால் சிசெஸ்டரின் படகு ஏறத்தாழ 40 அடி. நீண்ட படகு வேகமாகப் போவது இயற்கை. நியாயமான ஒப்பீடு அதே பந்தயத்தில் ஓடிய வேல் ஹவல்ஸின் படகோடு, ஏனெனில் அதுவும் ஃபோக்போட்தான். அது 60 நாளுக்கு மேல் எடுத்தது. ஆனால் ஹவல்ஸ் தெற்கே சுற்றிப் போனார், பெர்முடாவிலும் நின்றார். ஆகவே இதையும் முடிந்த தீர்ப்பாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஹாஸ்லர் முந்தியதற்கு, ஆள் தொடாமலே படகைத் திருப்பிய காற்றுத் தகடுதான் காரணம் என்றால், சிசெஸ்டரிடமும் அது இருந்தது. என்னை நம்பவைப்பது 1964இல் நடந்த அடுத்த பந்தயம்: அதே ஹாஸ்லர், அதே படகு, 38 நாளுக்குள் கரை சேர்ந்து ஐந்தாம் இடம். பிறகு மைக் ரிச்சி என்பவரின் கைக்கு மாறி, 1988இல் அட்லாண்டிக்கில் கைவிடப்படும்வரை ஜெஸ்டர் இந்தப் பந்தயத்தை ஒருமுறையும் விடவில்லை.

எதிர்க்காற்றில் தட்டையான சீனப் பாய் முக்கோணப் பாய்க்கு ஈடாகாது என்பது உண்மையான குறை. அதை மறுப்பதில் பயனில்லை. இவ்வளவு நல்லதென்றால் ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு அது பாதி விடைதான். மறு பாதி செலவில் இருக்கிறது. கம்பி கட்டிய மரத்தை எடுத்துவிட்டுத் தன்பலத்தில் நிற்கும் தடித்த மரத்தை நட வேண்டும். அதன் அடியிலும் மேல்தளத்திலும் பலப்படுத்த வேண்டும். பாதிப் படகைப் பிரிக்கிற வேலை அது. முன்பாயைக் கம்பியிலேயே சுருட்டி வைக்கும் உருளைகள் பரவலானபோது, பழைய மரத்தைத் தொடாமலே ஹாஸ்லர் தேடிய வசதியில் ஒரு பங்கு கிடைத்தது. அதற்குமுன் காற்று வலுத்தால் அலை அறையும் முனைவரை தவழ்ந்துபோய் முன்பாயைக் கழற்றி, சிறியதை மாட்ட வேண்டியிருந்தது. பந்தயக்காரர்கள் அந்த உருளையைப் பழித்தார்கள்: பாதி சுருட்டிய பாயின் வடிவம் கெடுகிறது, வேகம் குறைகிறது என்று. உல்லாசப் பயணம் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே வாங்கினார்கள்.