மருத்துவக் காப்பீடு வளர்ந்த கதை

மும்பைத் தமிழரின் வரலாறு என்றால் தாராவித் தோல் கிடங்குகளையும் மாதுங்கா மெஸ்களையும் பற்றித்தான் எழுதுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வறண்ட விஷயம். ஆனால் ஊரைவிட்டு வந்து, பக்கத்தில் அண்ணன் தம்பி இல்லாமல், ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்ற எந்தக் குடும்பத்துக்கும் இது அந்நியமான விஷயம் இல்லை. 1976 முதல் ஓய்வு பெறும் வரை ஓர் அரசுக் காப்பீட்டுக் கம்பெனியில், பெரும்பாலும் க்ளெய்ம்ஸ் பிரிவில், வேலை பார்த்தவன் நான். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

ஆயுள் காப்பீடு 1956இல் நாட்டுடைமை ஆனது. பொதுக் காப்பீட்டுக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1971 மே மாதம் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் சட்டம் வந்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டு, கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை என்று ஊருக்கு ஒன்றாகத் தலைமை அலுவலகம் அமைந்தது. அப்போதெல்லாம் எங்களுக்குத் தீ விபத்து, கப்பல் சரக்கு, மோட்டார் இவைதான் தொழில். மனிதனுக்கு நோய் வந்தால் அது எங்கள் கணக்கில் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஈ.எஸ்.ஐ. இருந்தது. மத்திய அரசு ஊழியருக்கு 1954இல் டெல்லியில் தொடங்கிய சி.ஜி.எச்.எஸ். இருந்தது. நடுவில் இருந்த கடைக்காரர், டைப்பிஸ்ட், சின்னக் கம்பெனி கணக்கர் (நம்மவர்களில் பாதிப்பேர் இவர்கள்தான்) கைக்காசையும் முனிசிபல் ஆஸ்பத்திரியையும் நம்பியிருந்தார்கள்.

1986இல் நான்கு கம்பெனிகளும் சேர்ந்து 'மெடிக்ளெய்ம்' என்ற பாலிசியைக் கொண்டுவந்தன. ஏறக்குறைய அதே வேளையில் வருமான வரிச் சட்டத்தில் 80டி பிரிவும் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், மார்ச் மாதம் வரி மிச்சம் பிடிப்பதற்காக வாங்கியவர்களே அதிகம். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பின் போட்டுக் கொண்டுவர வேண்டும். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த வியாதிக்குப் பணம் கிடையாது என்பது அன்றைக்கே எழுதப்பட்ட நிபந்தனை. அந்த வரியைக் காட்டி நானே எத்தனையோ விண்ணப்பங்களைத் திருப்பியிருக்கிறேன். லாபம் பார்க்கும் தனியார் வந்த பிறகுதான் மறுப்புத் தொடங்கியது என்று இன்று சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் தராததற்காக வழக்குப் போட்டார் என்ற காரணத்துக்காகவே ஒருவரின் மெடிக்ளெய்ம் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தது ஓர் அரசுக் கம்பெனிதான். பிமன் கிருஷ்ண போஸ் என்ற அவருடைய வழக்கில், அரசுக் கம்பெனி இப்படித் தன்னிச்சையாக நடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது.

ஒரு வித்தியாசம் இருந்தது. மருத்துவப் பாலிசியில் நட்டம் வந்தாலும் தீ விபத்துப் பாலிசியின் லாபம் அதை மூடிவிடும். அந்தக் கட்டணங்கள் நிர்ணயிக்கப்பட்டவை, யாரும் குறைத்து விற்க முடியாது. மல்ஹோத்ரா குழு 1994இல் கொடுத்த அறிக்கை, 1999ஆம் ஆண்டுச் சட்டம், 2000இல் தனியாருக்குக் கதவு திறந்தது என்று வரிசையாக நடந்தபோதும் இந்தக் கட்டண முறை உடனே போகவில்லை. 2007 ஜனவரி 1 அன்று அது பெரும்பாலும் எடுக்கப்பட்டது. தீ விபத்துப் பிரிமியம் சரிந்தது. மூடி போனதும் மருத்துவப் பாலிசியின் நட்டம் வெளியே தெரிந்தது. பெரிய கம்பெனிகளின் ஊழியர் குழுக்களுக்குப் போட்டி போட்டுக் குறைந்த விலையில் விற்றார்கள். அந்தச் சுமை தனியாள் பாலிசியின் மேல் இறங்கியது என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பூரில் இருக்கிறார். 1989 முதல் மெடிக்ளெய்ம் கட்டியவர், பதினேழு வருடத்தில் ஒரு பைசா வாங்கியதில்லை. 2006இல் ஒரு தனியார் கம்பெனி ஏஜெண்ட் வந்தார். பணம் கட்டாமலே அட்மிட் ஆகலாம், அட்டை தருவோம், பழைய வருடங்கள் எல்லாம் தொடர்ந்து வரும் என்றார். அத்தான் என்னைக் கேட்டார். "மாப்ளே, நீ இந்தத் தொழில்ல இருக்கறவன், சொல்லு." எங்கள் ஆபீசின் மெத்தனம் எனக்கே சலித்துப்போயிருந்த காலம். நிபந்தனைத் தாளை வாங்கிப் பார்க்காமலே, "தைரியமா மாறுங்க அத்தான்" என்றேன்.

2008இல் நெஞ்சுவலி. இரண்டு ஸ்டென்ட். பில் வந்த அன்று கம்பெனியிலிருந்து மறுப்பும் வந்தது. ரத்தக் கொதிப்பு பழைய வியாதி, எங்கள் பாலிசிக்கு வயது இரண்டுதான் என்று. அதோடு, விண்ணப்பத்தில் 'ரத்தக் கொதிப்பு உண்டா' என்ற கேள்விக்கு ஏஜெண்ட் தானே 'இல்லை' என்று நிரப்பியிருந்தார். அத்தான் 1998 முதல் மாத்திரை சாப்பிடுகிறவர். கையெழுத்து அவருடையது. மகள் கல்யாணத்துக்குப் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்துப் பில் கட்டினோம். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது நடப்பில் இருந்த 1998ஆம் ஆண்டு விதிகளின்படி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் உண்டு, கட்டணம் கிடையாது. ஆனால் கம்பெனியின் இறுதி மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் போன் நம்பர்களோடும் ஏஜெண்டோடும் மல்லுக்கட்டி அந்த ஓராண்டைத் தொலைத்தோம். வக்கீல் ஒருவர் 2009இல் வந்த சத்வந்த் கவுர் சந்து வழக்கின் தீர்ப்பைக் காட்டினார். வியாதியைச் சொல்லாமல் விட்டால் கம்பெனி மறுக்கலாம் என்று அதில் இருந்தது. அத்தோடு விட்டுவிட்டோம்.

2010 ஜூலையில் நான்கு அரசுக் கம்பெனிகளும் மும்பை, டெல்லி போன்ற நகரங்களில் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'கேஷ்லெஸ்' வசதியை நிறுத்தியபோது எங்கள் கவுண்டரில் நடந்த கூச்சலை மறக்க முடியாது. ஆஸ்பத்திரிகள் பாலிசி இருக்கிறது என்று தெரிந்தால் பில்லை ஏற்றுகின்றன என்பது கம்பெனிகளின் வாதம். அதில் பொய் இல்லை. ஆனால் நடுவில் நின்றது நோயாளி.

பாலிசிதாரர் கம்பெனி மாறினாலும் காத்திருந்த காலத்தை இழக்காமல் இருக்கும் ஏற்பாடு 2011 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. பேப்பரில் பார்த்துவிட்டு அத்தான் போன் செய்தார். "மாப்ளே, இது அஞ்சு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு விதிகள் பாலிசிதாரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தன. 2024இல் பழைய வியாதிக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதமாகக் குறைந்தது. 60 மாதம் தொடர்ந்து கட்டியவருக்கு, மோசடி நிரூபணமானால் ஒழிய, 'நீ சொல்லவில்லை' என்று மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனியாள் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனாலும் 2023-24 கணக்கைப் பாருங்கள். அரசுக் கம்பெனிகள் வாங்கிய பிரிமியத்துக்கு மேலேயே இழப்பீட்டுக்குச் செலவிட்டன. மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் தனியார் கம்பெனிகள் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 65 ரூபாய். மிச்சம் கமிஷன், விளம்பரம், நிர்வாகம், லாபம். ஜனங்களுக்கு எரிச்சல் வருவதில் என்ன ஆச்சரியம்?

ஊரில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, "உங்களுக்கு அங்க என்ன குறை" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு நம்மிடம் இல்லையே. 70 வயது கடந்த எல்லாருக்கும் 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் அட்டை வந்ததும் அத்தான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பாலிசியையும் விடவில்லை.

இப்போது செம்பூரில் யார் கம்பெனி மாறுவதாக இருந்தாலும் தாளை முதலில் என்னிடம் அனுப்பச் சொல்கிறார். சங்கத்து அன்பர்களும் கொண்டுவரலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நூலக அறையில் இருப்பேன். விண்ணப்பத்தின் நகலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், பாலிசியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.